குதிரை மாப்பிள்ளை

நான் குதிரைக் கறி தின்றதில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் யாராவது குறுக்கே சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்போடு என் வாயும் மூடிக்கொள்ளும். காகிதம் சிரிக்காது.

கூச்சப்படுகிறவனுக்கு இந்த உலகத்தில் நியாயம் கிடையாது. பேசாமல் நின்றால், செய்திருப்பான் என்கிறார்கள். பேச வந்து திக்கினால், செய்தேவிட்டான் என்கிறார்கள். திருடுகிறவன் கணீரென்று பேசுகிறான்; அவனுக்குப் பாய் விரித்து வெற்றிலைத் தட்டை நகர்த்துகிறார்கள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கேயும் பாடம் தெரியாமல் அடி வாங்கியதைவிட, தெரிந்தும் வாய் திறக்காமல் அடி வாங்கியதுதான் அதிகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை. எனக்கு அப்போது இளவயது. ரங்கூனில் கெமண்டைன் ஆற்றங்கரையில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் அண்ணியும் எனக்குப் பெண் பேசி முடித்தார்கள். மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் வேலாயுதம் என்பவர் ஐந்து மட்டக்குதிரைகளும் ஐந்து கோச்சு வண்டிகளும் வைத்து வாடகைக்கு விட்டுவந்தார். அவருடைய ஒரே மகள் பாக்கியம். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய கால் விரல்களை நன்றாகப் பார்த்தேன். அதற்கு மேல் கண் ஏறவில்லை. விரல்கள் எனக்குப் பிடித்திருந்தன. தட்டு மாற்றிக்கொண்டோம்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பூவும் பழமும் வெற்றிலையும் கொண்டு போ, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள் என்றாள் அண்ணி. அதோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் மில்லில் இருந்தவர்கள் விடவில்லை.

“வெத்தலையோட போறதுக்கு நீ என்ன எழவு சொல்லவா போறே? கறி வாங்கிட்டுப் போடா. மாப்பிள்ளைன்னா கை கனமா இருக்கணும்.”

கேட்டேன். (யார் எதைச் சொன்னாலும் கேட்பது அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே திறமை.) அண்ணியின் பூவை மறந்து, காலையிலேயே காதர் பாய் கடையில் போய் நின்றேன். காதர் பாய் கீழக்கரைக்காரர், நேர்மையானவர். எலும்பு கலந்து போடட்டுமா என்று கேட்டார். எனக்குப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. பின்தொடையில், எலும்பே இல்லாமல், இரண்டு வீசை என்றேன். ஒரே ஓர் எலும்பு அதில் இருந்திருந்தால் அன்றைக்கே பிழைத்திருப்பேன்.

தேக்கிலையில் கட்டிக் கொடுத்தார். தேக்கிலை நனைந்தால் சிவப்புச் சாயம் விடும் என்பது பர்மாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கறியின் ஈரமும் என் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து, டிராம் விட்டு இறங்கியபோது என் புது வெள்ளை வேட்டி முழங்கால் வரை ரத்தக் களறியாக இருந்தது. கொலை செய்துவிட்டு வருகிறவன்கூட வேட்டியை அதைவிடச் சுத்தமாக வைத்திருப்பான்.

வேலாயுதம் மாமா வீட்டு முற்றத்தில் பெரிய கூட்டம். வண்டிக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து வண்டிகளும் ஏர்க்காலைத் தரையில் ஊன்றி வரிசையாக நின்றன. அடுப்படியில் புகை இல்லை. இத்தனை பேரும் மாப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அண்ணி சொன்னது நினைவுக்கு வர, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று விடியற்காலையில் மாமாவின் மூத்த குதிரை செத்துப்போயிருந்தது. ராணி என்று பெயர். அவருடைய முதல் வண்டியை இழுத்த குதிரை. அந்த வீட்டில் குதிரை செத்தால் அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள், வண்டி பூட்டமாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு, செத்த மிருகங்களை ஏற்றிப் போகும் வண்டியில் அதை அனுப்பிவிட்டு அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு யார் சொன்னார்கள்? சாவு வீட்டுக்கு, சிவந்த வேட்டியோடு, கையில் கறியோடு, சிரித்துக்கொண்டு வந்து நின்றேன்.

கூட்டத்தில் ரங்கசாமி மேஸ்திரி இருந்தார். துறைமுகத்தில் ஆள் பிடித்துக் கொடுப்பவர். எந்த வீட்டு நல்லது கெட்டதிலும் நடுவில் உட்காருகிறவர்.

“கையில என்ன தம்பி?”

“கறி.”

“எங்கேருந்து?”

“கெமண்டைன், காதர் பாய் கடை.”

மேஸ்திரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “குதிரையை ஏத்திட்டுப் போன வண்டியும் அந்தப் பக்கம்தானே போச்சு?”

இவ்வளவுதான் விசாரணை. காலையில் குதிரை செத்தது. காலையில் நான் கறி வாங்கினேன். போதுமாம். அந்த வண்டிக்காரர்கள் வழியிலேயே அறுத்து விற்பதாக ஒருவர் கேள்விப்பட்டிருந்தார். இன்னொருவர் அதைக் கண்ணால் கண்டவரைக் கண்டிருந்தார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முகம் மட்டும் அண்ணி சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தது. (அதுதான் எல்லாரையும் கொதிக்க வைத்தது என்று பிறகு பாக்கியம் சொன்னாள்.)

மாமா எழுந்து வந்தார். ஒரு விரலால் இலையை விலக்கிக் கறியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து, குதிரை தின்பது என்ன குற்றம் என்ற கேள்வி வந்தது. மாட்டுக்கு விதி இருந்தது. பன்றிக்கும் ஆளுக்கொரு விதி இருந்தது. குதிரைக்கு யாரிடமும் விதி இல்லை.

“கூடாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி யாராச்சும் தின்னிருக்கணும்ல? நம்மள்ல எவன் தின்னான், விதி எழுத?” என்றார் ஒரு கிழ வண்டிக்காரர்.

“அய்யனார் ஏறி வர்ற வாகனம்யா அது. அதைத் தின்னவன் வீட்டுக்கு எந்தச் சாமி காவல் நிக்கும்?” என்றார் மேஸ்திரி.

பக்கத்து வீட்டு டோ மியா வேலியோரம் வந்து நின்றாள். காலையில் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய சேமியா, விற்கும் பர்மாக்காரி. நம்மவர்களோடு பழகி அரைத் தமிழ் பேசுவாள். “வேலை செய்யிற மிருகம் மசாபூ, தின்னக் கூடாது. மாடு உழுது, மசாபூ. குதிரை இழுக்குது, மசாபூ,” என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் வீட்டில் வாரம் தவறாமல் பன்றி வேகும். பன்றி ஒரு வேலையும் செய்யவில்லையாம், அது அதன் குற்றம்.

பொட்டலத்தைக் கீழே வைக்கவும் விடவில்லை. வைத்தால் தரைக்குத் தீட்டாம். பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். காதர் பாயைக் கூட்டிவர டிராமில் ஆள் போனது. பாய் வந்துவிட்டால் என் பக்கம் பேச ஒரு வாய் கிடைக்கும் என்று நம்பினேன்.

பாய் கொதித்துக்கொண்டுதான் வந்தார். “எவன் சொன்னான், என் கடையில செத்தது விக்கிதுன்னு? பிஸ்மி சொல்லி என் கையால அறுத்த கிடா இது.”

“கோவப்படாதீங்க பாய். ஒண்ணு கேக்குறேன். உங்க மார்க்கத்துல குதிரை திங்கலாமா?” என்று கேட்டார் மேஸ்திரி.

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் என் வாழ்க்கையே வேறு. ஆனால் காதர் பாய் யோசித்துப் பதில் சொல்கிற மனிதர். “எங்க மத்ஹபுல, நாங்க நடக்குற சட்ட வழியில, திங்கலாம்னுதான் இருக்கு. கூடாதுங்கிறவங்களும் உண்டு. ஆனா நான் தின்னதும் இல்ல, வித்ததும் இல்ல.”

பின்பாதியை யாரும் கேட்கவில்லை. முன்பாதியிலேயே கூட்டம் எழுந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

“ருசி பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது,” என்றார் கிழவர்.

“யாரு பாக்குறது?” என்று திருப்பிக் கேட்டார் பாய். “குதிரை தின்னவன் யாராவது இருந்தா வாங்க. இது அது இல்லைன்னு நீங்களே சொல்லுங்க.”

ஒருவரும் முன்வரவில்லை. குதிரை இல்லை என்று சொல்ல, குதிரையைத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை முண்டியடித்து நின்றவர்கள் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “அப்போ வேற வழி இல்ல. தட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க முதலாளி. நம்ம ராணியைச் சுமந்துட்டு வந்தவனுக்குப் பொண்ணு குடுத்தா நாளைக்கு எவன் நம்ம வண்டியில ஏறுவான்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் கையிலிருந்து போகப்போவது கறிப் பொட்டலம் மட்டும் இல்லை என்று. கால் விரல்கள் கண்ணுக்குள் வந்தன. ஆட்டுக்கறி என்ற ஒரே சொல்லைச் சொல்ல முயன்றேன். “ஆ… ஆ…” என்பதற்கு மேல் வரவில்லை. ஒப்புக்கொள்கிறான் பார் என்றார் ஒருவர்.

பாக்கியம் வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முற்றத்தில் மூன்று செங்கல்லை வைத்துச் சுள்ளியைக் கொளுத்தினாள். “வீட்டு அடுப்பைத்தானே மூட்டக்கூடாது. இது வெளியில,” என்றாள். என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டுச் சட்டியில் ஏற்றினாள். எவனுக்கும் தடுக்கத் தோன்றவில்லை. கொதி வந்தது, வாசனை எழுந்தது. கூட்டம் மூக்கை நீட்டியது.

“வாசனை ஒரு மாதிரியா இல்ல இருக்கு?” என்றார் மேஸ்திரி. ஆறு பேர் ஆமாம் என்றார்கள்.

“இது ஆடு,” என்றார் மாமா, சக்கரத்தில் சாய்ந்தபடியே.

“மாப்பிள்ளைங்கிறதுக்காகப் பேசாதீங்க முதலாளி. எப்படிச் சொல்றீங்க?”

மாமா எழுந்தார். சட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

“ஆடுதான். குதிரை இனிக்கும்.”

சட்டியை முகர்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

மாமா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் குதிரைக்காரனாக பாக்தாத் பக்கம் சண்டைக்குப் போய் வந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே நடந்ததை அவர் ஒருநாளும் பேசியதில்லை. அன்று பேசினார். “நாங்க இருந்த ஊரை எதிரி சுத்தி வளைச்சுட்டான். மாவு தீந்துபோச்சு. குதிரையை அறுத்துக் குடுத்தாங்க. நம்ம ஆளுங்க மாட்டேன்னுட்டாங்க. திங்கலாம், குத்தமில்லைன்னு இந்தியாவுலேருந்து மதப் பெரியவங்க தந்தி வந்துச்சு. அப்பவும் மாட்டேன்னவன் செத்தான். நான் தின்னேன். காலையில என் கையால தேச்சுவிட்ட குதிரை.”

பாக்கியம் சட்டியை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

இப்போது நியாயத்தைப் பாருங்கள். தின்றதாக ஒருவர் தம் வாயாலேயே சொல்லிவிட்டார். அய்யனார் என்ன ஆனார்? தீட்டு எங்கே போனது? “சண்டைக்காலம், அது வேற,” என்றார் மேஸ்திரி. எல்லாரும் அது வேற என்றார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் மாமாவின் வண்டியை ஓட்டிப் பிழைக்கிறவர்கள், மீதிப் பேர் அதில் சும்மா ஏறிப் போகிறவர்கள். மாமாவுக்குப் பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தின்னாதவனை வெயிலிலேயே மறந்துவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இப்படி ஒரு கதை நடந்த பிறகு அதை யார் மேலாவது ஏற்றியாக வேண்டுமே. முதலாளி மேல் ஏற்ற முடியாது. பேசத் தெரியாதவன் ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். தை மாதம் கல்யாணத்துக்குள் நான் குதிரை மாப்பிள்ளை ஆகிவிட்டேன். பந்தியில் சைவச் சாப்பாடுதான் போட்டோம். மேஸ்திரி கத்தரிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

மாமா மேல் எனக்கு நெடுநாள் ஆத்திரம் இருந்தது. இலையை விலக்கியபோதே ஆடு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை நேரம் என்னை நிற்க வைத்துவிட்டார். இதைக் கேட்டுவிட வேண்டும் என்று பல தடவை லாயத்துக்குப் போவேன். அவர் ஏதாவது ஒரு குதிரையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். கேட்காமல் திரும்பிவிடுவேன்.

என் மூத்த மகனுக்குக் காது குத்திய அன்று கறி விருந்து. மேஸ்திரியின் மருமகன் ஊருக்குப் புதிது. இவருக்கு ஏன் இந்தப் பெயர் என்று பந்தியில் கேட்டான். “குதிரை தின்னவருப்பா,” என்றார் மேஸ்திரி. உண்மை தெரிந்த மனிதர், கூசாமல் சொன்னார். பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர் வரிசையில் மாமாவுக்குச் சோற்றை அள்ளிய கை அப்படியே நின்றது. கையை இலையில் உதறினார்.

“அது அவரு இல்ல. அது வந்து…”

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அதுவரை நான் எந்தச் சபையிலும் பேசியவன் இல்லை. ஒரு திக்கல் இல்லாமல், கடைசி இலை வரைக்கும் கேட்கிற மாதிரி என் குரல் வந்தது. “ஆமா. நான்தான் தின்னேன்.”

“எப்படி இருந்துச்சு?” என்றான் அந்தப் பையன்.

“ஆட்டுக்கறி மாதிரியே இருந்துச்சு.”

மறுபடி சிரித்தார்கள். மாமா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டார்.

இப்போது மாமா இல்லை. ஆனாலும் என் வழக்கை இனி எந்தச் சபையிலும் எடுக்க முடியாது, குற்றவாளியே ஒப்புக்கொண்டாகிவிட்டது. கறி சமைக்கிற நாளில் என் பிள்ளைகள் எனக்கு முதலில் பரிமாறிவிட்டு, “இரு, அப்பா கனைக்கிறாரா பாப்போம்,” என்று சுற்றி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகள். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. பாக்கியம் மட்டும் சிரிக்காமல், நான் கேட்காமலேயே, இன்னொரு கரண்டி கறியை என் இலையில் போடுவாள்.