‘வெளியே தெரியக் கூடாதவை’ என்றொரு கட்டம்

வேவு பார்க்கிறவனைவிட ஆபத்தானவன் ஒருவன் உண்டு: ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதத் தெரிந்த நல்லவன். நான் அந்த ரகம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகனாகப் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன்.

ஒருநாள் எல்லோர் போனிலும் ஒரு ஆப் போடச் சொன்னது நிர்வாகம். வருகைப் பதிவுக்காம். அதுவோ நாம் இருக்கும் இடம், தெரிந்தவர்களின் நம்பர், வருகிற மெசேஜ் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டது. (என் மனைவி ‘வரும்போது கறிவேப்பிலை’ என்று அனுப்புவதைப் படித்து எந்த வருகையைப் பதிவார்கள்?) எனக்குக் கோபம் தலைக்கேறியது. “நம்ம லெட்டரைப் பிரிக்க போஸ்ட்மேனுக்கே உரிமை கிடையாது, இவங்க யாரு?” என்று கேன்டீனில் முழங்கி, ஆப் வேண்டாம் என்றொரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன்.

எங்கள் தொழிலில் கட்டமில்லாத தாள் தாளே இல்லை. எந்த லைன், எந்த ஷிப்ட், யார் கை பட்டது என்று எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மனுவிலும் அப்படியே கட்டம் போட்டேன். பெயர், எம்ப்ளாயி நம்பர், லைன், ஷிப்ட், போன் நம்பர். மனு வலுவாக இருக்கட்டும் என்று கடைசியில் இன்னொன்று: ‘வெளியே தெரியக் கூடாதவை’.

முதலில் பிடித்தது என் மனைவியின் தம்பி சதீஷை. அதே லைனில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

“நான் கான்ட்ராக்ட்டு மாமா. எனக்கு இன்னாத்துக்கு வம்பு?”

“நம்ம வூட்டு ஆளே போடலன்னா மத்தவன் போடுவானாடா?”

“கடைசிக் கட்டத்துல இன்னா எழுதறது?”

“உள்ளதை எழுது. பொய் எழுதினா மனு நிக்காது.”

‘யூனியன் தொடங்குவது பற்றி நண்பர்களிடம் பேசுவது’ என்று அழகாக எழுதினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். ஒருவர், ‘வல்லம் வடகாலில் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனது’. இன்னொருவர், ‘போன வாரம் லீவு எடுத்தது காய்ச்சலுக்கு அல்ல’.

மனுவைக் கொண்டுபோய் நீட்டியதும் ஹெச்.ஆர். மேடம் டீ கொடுத்து உட்காரவைத்தார். ஒரு வரி விடாமல் படித்தார்.

“எங்க ஆப் கூட இவ்ளோ தெளிவா தராது சார்.”

“தேங்க்ஸ் மேடம்” என்றேன். (தேங்க்ஸ்!)

“ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?”

“ஒரிஜினலே வச்சுக்குங்க மேடம். என்கிட்ட காப்பி இருக்கு.”

அந்த வாரமே கான்ட்ராக்டர் சதீஷைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் பெர்மனென்ட், எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. சதீஷ் என் சட்டையைப் பிடித்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “வுடு மாமா” என்று மட்டும் சொன்னான். அந்த ஆப் இன்றைக்கும் எல்லோர் போனிலும் இருக்கிறது. என் போனிலும்தான். வெட்கம்கெட்டவன், தினமும் அதில்தான் வருகை பதிகிறேன்.

சதீஷ் இப்போது மறைமலை நகரில் வண்டியில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். விசேஷ வீட்டுக்குள் நான் நுழைந்தால் போதும், “ரகசியம் இருந்தா அப்புறம் பேசுங்க” என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள். போன மாதம் மண்ணூரில் அவன் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். அத்தை முறைக்கு என் மனைவி குழந்தையை மடியில் வாங்கிக் குனிந்தாள்.

“மெதுவா சொல்லுக்கா” என்றான் சதீஷ். “மாமா கட்டம் போட்டு எழுதிக்கினு போய் ஆபீஸ்ல குடுத்துடுவாரு.”

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக்கூடக் கேட்காதபடி, குழந்தையின் காதில் கையைக் குவித்துப் பேரைச் சொன்னாள்.