கயிறு அண்ணனின் குடும்பம்

மனைவி மக்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் என்று திருவண்ணாமலையில் பல பேரைச் சொல்லலாம். மனைவி மக்களைக் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு போனவர் ஒருவர்தான். இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம். இன்னொருவர் இருந்தால் வாசகர்கள் தெரிவிக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஊரில் அவருக்குப் பெயர் 'கயிறு'. வயதில் சின்னவர்கள் 'கயிறு அண்ணன்' என்போம். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு அந்த ஊரில் ஒரு மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் வேலை கிடைத்தது. மூட்டை கட்டுகிற ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. அவர் முடிச்சுப் போட்ட மூட்டையை யாராலும் அவிழ்க்க முடியாது, கத்தி வைத்து அறுக்க வேண்டியிருக்கிறது என்று சரக்கு வாங்குகிறவர்கள் புகார் எழுதுவார்கள். முதலாளி அந்தப் புகாரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். தேரடித் தெருவில் அண்ணன் வீட்டு முன்னறையில்தான் நான் குடியிருந்தேன். அதனால் கயிற்றின் வரலாறு எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

கல்யாணமான வருஷம், கார்த்திகை தீபத்தன்று, அண்ணன் புதுப்பெண்டாட்டியோடு மலை சுற்றக் கிளம்பியிருக்கிறார். கூட்டம் ஒரு நெருக்கு நெருக்கியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரோ ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார். அண்ணியைக் காணோம்.

அண்ணியைத் தொண்டர்கள் பந்தலில் உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள்.

"வீட்டுக்காரர் பேரு இன்னாம்மா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். புருஷன் பெயரை எப்படிச் சொல்வது?

"சரி, ஆளு எப்படி இருப்பாரு? கறுப்பா, சிவப்பா?"

அண்ணிக்குத் தெரியாது. கல்யாணமாகி இரண்டே மாதம். நிமிர்ந்து பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

"செருப்பைப் பாத்தா சொல்லிடுவேங்க" என்றாராம்.

மலை சுற்றுகிறவன் செருப்புப் போடுவானா? லட்சம் ஜனமும் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தது. தொண்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு அடுத்த கேஸைக் கவனிக்கப் போய்விட்டார். அண்ணன் ஒவ்வொரு பந்தலாக அழுதுகொண்டே தேடி வந்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். எதிரே வந்து நின்ற வெறுங்காலைப் பார்த்து, இந்தக் கட்டைவிரல்தான் என்று அண்ணியும் ஒத்துக்கொண்டார்.

மறுநாளே அண்ணன் கயிறு வாங்கினார். மண்டிச் சணல் கையை அறுக்கும் என்று மெத்தென்ற நூல் கயிறு. முன்னால் தனக்கொரு வளையம், அடுத்தது அண்ணிக்கு. கை நோகாமல் இருக்க வளையத்துக்குப் பழைய புடவைத் துணி சுற்றியிருக்கும். அப்புறம் பிள்ளை பிறக்கப் பிறக்க ஒவ்வொரு வளையமாகச் சேர்ந்தது. நான் குடி போனபோது நாலு பெண்ணும் ஒரு பையனும் வரிசையில் இருந்தார்கள்.

தீபத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தைக்குப் போனால் கயிறு, கல்யாணத்துக்குப் போனால் கயிறு. டென்ட் கொட்டகையில் படம் பார்க்கும்போதும் அவிழ்க்க மாட்டார். கடைசிப் பெண்ணுக்கு அவசரமென்றால் குடும்பம் முழுக்க எழுந்து வெளியே போய்விட்டு வரும். பின்வரிசைக்காரர்கள் முதலில் திட்டிப் பார்த்தார்கள். பிறகு பழகிப்போய், அவர்கள் எழுந்தால் இடைவேளை என்று தாங்களும் டீ குடிக்கப் போனார்கள்.

எனக்கும் ஒரு வளையம் வந்தது. நான் வேண்டாமென்றுதான் சொன்னேன்.

"அண்ணே, நான் வளர்ந்த ஆளு. எனக்கெதுக்கு இது?"

"கல்யாணம் ஆகாதவன்தான் தம்பி மொதல்ல தொலைவான். அவனைத் தேடுறதுக்குத்தான் ஆள் கம்மி" என்று என் மணிக்கட்டைப் பிடித்து நுழைத்துவிட்டார். தாய் தகப்பன் இல்லாதவன் நான். அவர் சொன்னது கணக்கில் சரியாகத்தான் இருந்தது.

நான் கட்டுண்டு போன முதல் தீபத்தில்தான் அந்த விபரீதம் நடந்தது. என் வளையத்துக்குப் பின்னால் கயிறு கொஞ்சம் மிச்சம் தொங்கும். கூட்டத்தில் வந்த ஒரு அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிடித்துக்கொண்டார். தேர் வடத்தைத் தொட்டால் புண்ணியம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவர் பிடித்ததைப் பார்த்து அவர் வீட்டுக்காரர் பிடித்தார். பிறகு அவர்கள் ஊரே பிடித்தது. அடி அண்ணாமலை ஊரைத் தாண்டும்போது அண்ணனுக்கு மூச்சு வாங்கிற்று. திரும்பிப் பார்த்தார். தெரு முனைவரை ஆட்கள்.

"யாருங்க நீங்கள்லாம்?"

"சேலத்துப் பக்கமுங்க. நீங்க இழுங்க."

விளக்கிச் சொல்லிப் பார்த்தார். இது சாமி கயிறு இல்லை, குடும்பக் கயிறு என்றார். அதைக் கேட்டு அந்த அம்மாளுக்குப் பக்தி இன்னும் கூடிவிட்டது. முன்னறையில் குடியிருக்கிற என் முதுகுக்குப் பின்னாலிருந்து கற்பூர வாசனை வந்தது. யாரோ ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கயித்தைப் புடிச்சவங்களை நடுவழியில வுட முடியுமா? நம்ம பொறுப்பு."

சேலத்துப் பக்கம் மொத்தமும் அன்று தேரடித் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அண்ணி பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் அண்ணன் உட்கார்ந்தார்.

இப்படி ஊரையே இழுத்த மனிதர் ஒரு நாள் மண்டியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேல் சாய்ந்தார். வாயுப் பிடிப்பு என்றார். கஷாயம் குடித்தார். சோறு இறங்காமல் ஆள் பாதியான பிறகு நான் வேலூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டர் வயிற்றில் கட்டி என்றார். அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்.

"கார்த்திகை வரைக்கும் தாங்குமா சார்?"

"கஷ்டம்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி வரும் பஸ் போளூர் தாண்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "முன் வளையத்துக்கு யாரு?" என்றார். அவருக்கிருந்த கவலை அது ஒன்றுதான். தான் போவதைப் பற்றிக்கூட இல்லை. கூட்டத்தில் இவர்களுக்கு முன்னால் யார் நடப்பது?

மறுநாளே பரீட்சை ஆரம்பமானது. கிணற்றடியில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். ஒவ்வொருவராக முன் வளையத்தில் கை நுழைத்து, குடும்பத்தை இழுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்ற வேண்டும். பெரிய பெண் கோமதி நன்றாகத்தான் நடந்தாள்.

"வேகம் ஜாஸ்தி. கடைசிக் குட்டி உருண்டுடும். பெயில்."

பையன் சேகர் சுற்றும்போது வாசலில் சினிமா நோட்டீஸ் வண்டி போனது. அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. அவனும் பெயில். நான் என் பங்குக்கு முன்னால் போனேன்.

"நீ வேணாம் தம்பி. எவனாவது சைக்கிள்ல இருந்து வுழுந்தா வேடிக்கை பாத்துக்கினு நிப்ப" என்று சுற்ற விடாமலே என்னை நிராகரித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது அண்ணி. அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முன்னால நடந்து பழக்கமில்லீங்க."

"வா."

"உங்க காலைப் பாத்துக்கினேதானே வருவேன். முன்னால காலே இல்லாம எப்படிப் போறது?"

"தலையைத் தூக்கு. இத்தினி வருசம் என் காலைப் பாத்து நடந்தது போதும்."

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முன் வளையத்தில் கை நுழைத்தார். இரண்டாம் வளையம் காலியாயிற்று. அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேண்டாமென்று நாங்கள் சொல்லச் சொல்ல, அண்ணியின் வளையத்தில் தன் கையை நுழைத்துக்கொண்டார். எலும்பாயிருந்த கை. அது முழங்கை வரை தாராளமாகப் போயிற்று.

அண்ணி தலை நிமிர்ந்து நடந்தார். பின்னால் அண்ணன், குனிந்தபடி. பாதிச் சுற்றில் நின்றார்.

"இன்னா இது, காலெல்லாம் இவ்ளோ வெடிப்பு? சொல்லவே இல்லியே?"

"நீங்கதான் திரும்பியே பாக்கலியே" என்றார் அண்ணி, திரும்பாமல்.

அண்ணன் சுற்றை முடித்துக் கட்டிலில் விழுந்தார். "பாஸ்" என்றார். அன்று சாயங்காலம் என்னை அனுப்பி வெடிப்புக்குத் தைலம் வாங்கிவரச் செய்தார்.

ஐப்பசியில் போனார். போவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு உத்தரவு போட்டார். "தம்பி, என்னைப் பாடையில கட்டுறதுக்கு மண்டியில புதுக் கயிறு எடுத்துக்க. அவசரத்துல இதை எடுத்துடாதீங்க. இதுக்கு இன்னும் வேலை இருக்குது." அப்படியே செய்தோம். மூட்டை கட்டுகிற ஆட்கள்தான் முடிச்சுப் போட்டார்கள். எல்லாம் அவர் கற்றுக்கொடுத்த முடிச்சு.

அந்தக் கார்த்திகைக்கு வீட்டில் விளக்கில்லை. அடுத்த கார்த்திகைக்கு அண்ணி பெட்டியிலிருந்து கயிற்றை எடுத்தார். உதறினார். முன் வளையத்தில் கை நுழைத்து நிமிர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வளையம் காலி. அப்புறம் பிள்ளைகள், கடைசியில் நான். கோமதியை ஒரு வளையம் முன்னே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மலை சுற்றும் வழியில் ஆசிரமம் தாண்டி நெருக்கம் அதிகமானது. வெளியூர் அம்மாள் ஒருவர் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அண்ணிக்குப் பின்னால் தொங்கிய வளையத்தைக் காட்டினார்.

"இது காலியாத்தானே இருக்குது, நான் புடிச்சுக்கட்டுமா?"

"இல்லீங்க, அதுல ஆளிருக்குது" என்றார் அண்ணி, திரும்பாமல்.

அந்த அம்மாள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். நான் என் வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் போட்ட முடிச்சு, அவிழவில்லை.