நாலு வாளி வீடு

சொட்டு சரியாகக் கடிதத்தின் மேலேயே விழுந்தது. 'பார்வையிட வருவார்' என்ற எழுத்துகள் கரைந்து நீலமாக ஓடின. தபால் குமாஸ்தா அதற்குள் படித்துத் தொலைத்துவிட்டதால் பிரயோஜனம் இல்லை.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் துரை வர்றாராம். வீட்டைப் பார்க்க."

"வரட்டுமே. ஒழுகுதுன்னு சொல்லிடலாம்," என்றாள் மனைவி, வாளியைச் சொட்டுக்கு நேராக நகர்த்திக்கொண்டே.

"வாயைத் திறந்தியோ, அடுத்த கப்பல்ல நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கடல் தாண்டி வந்து கடை விரித்த அவருடைய ஆபீசுக்குச் சொந்தமாக வீடு கிடையாது. உள்ளூர் வியாபாரிகளிடம் வாடகைக்கு எடுத்துச் சிப்பந்திகளுக்குக் கொடுக்கும். வருஷத்துக்கு ஒருமுறை துரை வந்து பார்த்து, 'திருப்தி' என்று எழுதினால் ஒப்பந்தம் நீளும். எழுதாவிட்டால் சாவி வீட்டுக்காரருக்கும், குமாஸ்தா ஆண்கள் கொட்டடிக்கும், மனைவி ஊருக்கும் திரும்ப வேண்டியதுதான். கிடங்கு குமாஸ்தாவுக்குப் போன வருஷம் அதுதான் நடந்தது. மனைவியைக் கப்பலேற்றிவிட்டுக் கொட்டடிக்குத் திரும்பினார்.

நம் குமாஸ்தா கல்யாணமான பத்தாம் நாள் கப்பலேறியவர். பதினொரு பேருக்கு ஒரு குழாய் என்று நாலு வருஷம் கொட்டடியில் கிடந்தார். இரண்டு மாதம் முன்புதான் இந்த வீடு கிடைத்து, அவளும் வந்தாள். தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் நிலைக்கதவைத் தடவி, "நல்லா இரு" என்பார். குடிவந்த அன்று ஆபீஸ் கொடுத்த சாமான்களைப் பார்த்து அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ரெண்டே பேருக்கு நாலு வாளி குடுத்திருக்காங்க. என்ன தாராள மனசு பாரு," என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

அப்போது வெயில் காலம். இதுதான் முதல் மழை.

குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரின் ஜவுளிக் கடைக்கு ஓடினார்.

"குடியிருக்கிறது ஆபீஸ். ஓடு மாத்துறதும் ஆபீஸ்தான்," என்றார் வீட்டுக்காரர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கூரை வீட்டுக்காரர் பொறுப்புன்னு ஆபீஸ்ல சொல்றாங்களே."

"அப்ப ஆபீஸையே வந்து என்கிட்ட சொல்லச் சொல்லுங்க."

ஆபீசுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அவர் இங்கே வந்ததே. நனைந்தபடி திரும்பியவரை அடுத்த ஆபீஸ் வீட்டில் இருக்கும் கம்பவுண்டர் ஏணியோடு எதிர்கொண்டார். யார் வீட்டு விஷயமும் அவர் காதுக்குத் தப்பாது.

"எங்க வீட்ல ஒரு பொட்டு ஒழுகாது சார். ஓடுகளை லேசா ஏத்தி விட்டாப் போதும். ஏறுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

குமாஸ்தா ஏறி ஓடுகளை ஏற்றிவிட்டார். மேஜைமேல் சொட்டியது நிஜமாகவே குறைந்தது. கட்டில்மேல் சொட்ட ஆரம்பித்தது.

"இப்ப இங்க வருதுங்க," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

கட்டிலுக்கு மேலே கம்பவுண்டர் கொடுத்த பிளாஸ்திரியை ஒட்டினார். ஒட்டப் போன இடத்தில் முழங்கால் பட்டு இன்னொரு ஓடு விரிசல் விட்டது. அதற்கும் பிளாஸ்திரி. அவர் கீழே இறங்கியபோது மேஜை, கட்டில், அடுப்படி, வாசற்படி என்று நாலு இடத்தில் நாலு வாளியும் விதவிதமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"இன்னும் ஏறாதீங்க. வாளி தீர்ந்து போச்சு," என்றாள் அவள்.

மறுநாள் காலையிலும் மழை விடவில்லை. குமாஸ்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"முதல்ல இந்த வாளிகளை ஒளிக்கணும். நடுவீட்ல வாளியைப் பார்த்தா, ஒழுகுதுன்னு சொல்லவே வேண்டாம்."

"தண்ணி?"

"மேல துணி கட்டிப் பிடிப்போம். கெட்டியாத் துணி ஏதாவது இருக்கா?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்து நீட்டினாள்.

"இதையா?" என்றார் அவர்.

"நான் இங்க இருக்கணும்னுதானே இத்தனை பாடு படறீங்க. கட்டுங்க."

அவர் நாற்காலி மேல் ஏறி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நடு அறையில் விட்டத்துக்கு விட்டம் புடவையைக் கட்டினார். வாளிகளைக் கம்பவுண்டர் தன் வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுபோனார். அடுப்படிக்கும் வாசலுக்கும் சாக்கு விரித்தாயிற்று.

பத்து மணிக்குத் துரை வந்தார். பின்னால் குடையும் பதிவேடுமாக டவாலிச் சேவகர். இந்தத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷமாக இருக்கும் துரைக்கு வீட்டுச் சாமான்களின் பெயர்கள் மட்டும் தமிழில் அத்துப்படி. மற்றதையெல்லாம் டவாலி பார்த்துக்கொள்வார்.

துரை புடவையை அண்ணாந்து பார்த்தார்.

"உங்களை வரவேற்க அலங்காரம் பண்ணியிருக்கோம்," என்றார் குமாஸ்தா. டவாலி அதை மொழிபெயர்த்தார். துரை தலையாட்டிவிட்டு, பதிவேட்டை வாங்கிக்கொண்டு அதன் அடியிலேயே உட்கார்ந்தார். புடவைக்கு மெல்ல மெல்லத் தொப்பை போட்டுக்கொண்டிருந்தது.

"கட்டில்?"

"ரெண்டு, துரை."

"நாற்காலி?"

"ரெண்டு. ஒண்ணு நீங்க உட்கார்ந்திருக்கிறது."

"வாளி?"

குமாஸ்தா திருதிருவென்று விழித்தார்.

"வாளி. நாலு," என்றார் துரை, விரலை நீட்டிக் காட்டி. முகம் மாறிவிட்டது. கட்டிலையும் நாற்காலியையும் கேட்டபோது இல்லாத கண்டிப்பு குரலில் இருந்தது.

"தேய்க்கப் போட்டிருக்கோம்."

"எங்கேன்னு கேக்கறார்," என்றார் டவாலி. "வாளி இல்லேன்னா வீடே இல்லை சார். சீக்கிரம் காட்டுங்க."

மனைவி பின்வாசல் வழியாக ஓடினாள். அந்த நேரம் பார்த்துப் புடவையின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஒரு குடம் தண்ணீர் துரையின் தலையில் இறங்கியது.

குமாஸ்தாவுக்கு உயிரே போய்விட்டது. கப்பலின் ஊதல் சத்தம்கூடக் காதில் கேட்டது.

துரை சத்தம் போடவில்லை. பதிவேட்டை எப்போதோ மார்போடு அணைத்துக் காப்பாற்றிவிட்டிருந்தார். நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டு, முகத்தை வழித்துவிட்டு, "வாளி?" என்றார்.

மனைவியும் கம்பவுண்டரும் கைக்கு இரண்டாக வாளிகளைத் தூக்கிவந்தார்கள். கம்பவுண்டர் மறுபடியும் ஓடி இன்னும் இரண்டு கொண்டுவந்தார். மொத்தம் பத்து.

"எது யாருதுன்னு தெரியல. எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்," என்றார் மூச்சு வாங்க.

ஒரு பொட்டு ஒழுகாத வீட்டில் ஆறு வாளி எதற்கு என்று குமாஸ்தாவுக்கு அந்தக் கலவரத்திலும் ஒரு சந்தேகம் எழுந்தது. துரை வாளிகளைக் கவிழ்த்து, அடியில் இருந்த வெள்ளை எண்களைப் பார்த்து, நாலை இந்தப் பக்கம் ஒதுக்கினார். முகம் மலர்ந்தது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்குக் கிளம்பினார். கம்பவுண்டர் மிச்ச வாளிகளோடு முன்னால் ஓடினார்.

"என்ன எழுதினார்?" என்று டவாலியைப் பிடித்துக்கொண்டார் குமாஸ்தா.

"திருப்தின்னுதான். இன்னும் ஒரு வருஷம் நிம்மதியா இருங்க."

மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மேலே சொட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"ஒழுகுறது அவர் தலையிலயே தெரிஞ்சுதே. தெரிஞ்சும் எப்படி?"

"தெரிஞ்சதாலதானே சார் நாலு வாளி குடுத்திருக்கு. கூரை வீட்டுக்காரர் பொறுப்பு, ஆபீஸ் கை வைக்காது. எத்தனை இடம் ஒழுகுதோ அத்தனை வாளி குடுத்துடும். கம்பவுண்டர் வீட்டுக்கு ஆறு. கிடங்கு குமாஸ்தா ஒரு வாளியைத் தொலைச்சாரு, வீடு போச்சு."

குமாஸ்தா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தரம் எல்லோரும் பார்க்கவே தடவிக்கொடுத்தார். ஆபீசுக்கு நன்றி, வாளிக்கு நன்றி, எல்லாவற்றுக்கும் மேலே துரைக்கு.

"அவ்வளவு நனைஞ்சும் ஒரு வார்த்தை கோவிச்சுக்கலையே. பெரிய மனுஷர்," என்றார் தழுதழுத்து.

டவாலி குடையை விரித்துக்கொண்டே படியிறங்கினார்.

"நனையிறது அவருக்கென்ன புதுசா? துரை பங்களாவுக்குப் பதினேழு வாளி சார்."