பூமி பிளக்கும் நேரத்தில் காணாமல் போன பாப்பா

அன்புள்ள மைத்துனன் அறிய, அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம். நீ கதை வசனம் எழுதிய படத்தைப் பார்த்துவிட்டோம். திரையில் உன் பெயர் வந்ததும் அக்கா கைதட்டினாள். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பறப்பவர், நெருப்பைக் கக்குபவர், சுவருக்குள் புகுந்து வருபவர் என்று ஆறு பேர் ஒன்று சேர்கிறார்கள். வில்லன் பூமியை இரண்டாகப் பிளக்கப் போகிறான். ஏனென்று கேட்டால், பிளக்கத்தான். வேலை பார்த்த காலமெல்லாம் நிலம் அளந்தவன் நான். பிளந்தால் எல்லைக்கல்லை எங்கே நடுவது என்று யோசித்தேனே தவிர, பயம் வரவில்லை. எனக்கு அப்போது வேறு யுத்தம். பக்கத்து இருக்கைக்காரர் கைப்பிடி முழுவதையும் பிடித்துக்கொண்டு, என் முழங்கையை அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் பின்னால் ஒரு பெண், "இங்கதான் உக்காந்திருந்தா, பாப்பாவக் காணோம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அரங்கமே எழுந்துவிட்டது. திரையில் ஊர் ஊராகச் சரிந்துகொண்டிருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. டிக்கெட் கிழிப்பவர் வாசலை மறித்து நின்றார், உன் அக்கா கழிவறைப் பக்கம் ஓடினாள், நான் செல்போன் வெளிச்சத்தோடு மண்டியிட்டேன், எனக்கு முன்னால் ஒருவர் தவழ்ந்துகொண்டிருந்தார், பார்த்தால் அந்தக் கைப்பிடிக்காரர். ஒரு கையைத்தான் ஊன்றினார்.

"கைக்கு என்னாச்சு?"

"உடைஞ்சு, இப்பதான் கட்டு பிரிச்சாங்க. தொங்கப்போட்டா வலிக்குது. உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

நானும் கேட்டிருக்கலாம்.

கடைசி வரிசை மூலையில், இருக்கைக்கு அடியில் குழந்தை கண்மூடிச் சுருண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றார்கள். வலிக்கிற கையையும் கொடுத்துத்தான் அவர் அவளைத் தூக்கினார். தாய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி உட்கார்ந்தபோது பூமி பிழைத்திருந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே மைத்துனா, அடுத்த படத்தில் உலகத்தை விட்டுவிடு. ஒரு குழந்தை போதும். வில்லனுக்கும் எங்கேயாவது ஒரு வலி வை.

அக்காவின் அன்பும் என் ஆசியும் உன்னைச் சேரட்டும். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், அன்று எண் வாங்கிப்போன அந்தத் தாய் அக்காவுக்குப் போன் செய்தாள். பாப்பா தூங்கவே இல்லையாம். "அந்த மாமா பூமிய உடைக்கப் போறாருல்ல, நானும் அம்மாவும் ஒளிய எடம் பாத்தேன்" என்றாளாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அடுத்த படத்திலும் பூமியைத் தாராளமாகப் பிள. ஒளிந்துகொள்ள மட்டும் கொஞ்சம் நேரம் கொடு.