ஒன்பதாயிரத்து நூறு ரூபாய் ஒயர் கூடை

நான் தலையிடாமல் இருந்திருந்தால் நன்றாக நடந்திருக்கும் ஒரு காரியத்தை, உதவி செய்கிறேன் என்று இறங்கிக் கெடுத்தவள் நான். அதையும் பட்டியல் போட்டுக் கெடுத்தேன் என்பதுதான் கூடுதல் அவமானம். (அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் பதினொரு வரிகள். பத்து வரிகளுக்கு நேரே, முடிந்தது என்று குறி போட்டிருக்கிறேன்.)

அப்போது வங்காளத் தலைநகரில், சால்ட் லேக் பகுதியில் அப்பாவின் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு செக்டர் ஃபைவில் புது வேலை. நெட்வொர்க் எஞ்சினியர் என்று கழுத்தில் தொங்கிய அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். அண்ணன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி மலர், திருநெல்வேலியில் பி.காம் முடித்தவள், என்னைவிட ஆறு மாதம்தான் பெரியவள். (எங்கள் பக்கத்தில் அண்ணி என்று சொல்வதில்லை. மதினி.)

மதினிக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. பகல் முழுவதும் ஒயர் கூடை பின்னிக்கொண்டிருப்பாள். நெல்லிக்காய் முடிச்சு போட்டு, பச்சையும் மஞ்சளுமாக. கீழ் வீட்டு வங்காளி அம்மாள் (எல்லாருக்கும் அவர் மாஷிமா), மதினி சும்மா கொடுத்த ஒன்றை எடுத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் போய்வந்தார். மீன் தண்ணீர் கீழே வடிந்துவிடுகிறது, குழாயில் காட்டினால் கூடை சுத்தமாகிவிடுகிறது. ஒரே வாரத்தில் அந்தப் படிக்கட்டு முழுவதும் கூடை கேட்டு வந்தது.

ஒரு நாள் மதினி என்னிடம் மெல்லக் கேட்டாள்.

“சுபா, கம்ப்யூட்டர்ல பொருள் விக்கிற எடம் ஒண்ணு இருக்காம்லா? அதுல இதப் போட முடியுமா?”

விஷயம் இதுதான். அவளுக்கு காஸ்ட் அக்கவுண்ட்ஸ் படிக்க வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தாக வேண்டும். அண்ணன், “இப்ப என்ன அவசரம், அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றிருந்தான். முதல் தவணையைத் தானே சம்பாதித்துக் கட்டிவிட்டால் அவனால் மறுக்க முடியாது என்பது அவள் கணக்கு.

“நான் தாரேன் மதினி” என்றேன்.

“உன் காசுல கட்டுனா அது உங்க வீட்டுக் காசுதானே. அதுக்கு உங்க அண்ணன்கிட்டயே கேட்டுருவேன்.”

சரி, விற்றுக்கொடுப்போம் என்று கிளம்பினேன்.

அந்தத் தளத்தின் கட்டணப் பக்கத்தை அலுவலகத்தில் அச்செடுத்துவந்தேன். நான்கு தாள்கள். பொருளைப் பட்டியலிட ஒரு கட்டணம், அதுவும் ஆரம்ப விலை ஏற ஏற ஏறும். பெயரைத் தடித்த எழுத்தில் காட்ட ஒரு கட்டணம். இந்த விலைக்குக் குறைந்து விற்க மாட்டேன் என்று அடிவிலை வைத்தால் அதற்குத் தனியே ஒன்று. விற்றுமுடிந்ததும் விற்ற விலையில் நூற்றுக்கு ஐந்து. இத்தனைக்கும் மேல் சேவை வரி, சேவை வரியின் மேல் கல்வி செஸ்.

மதினி தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி கூட்டினாள். “ஏலமெல்லாம் வேண்டாம் சுபா. எரநூத்தம்பதுன்னு ஒரே வெல வச்சுருவோம். எல்லாக் கட்டணமும் சேத்து இருவது ரூவாகிட்டப் போகும். போனாப் போகுது.”

பி.காம்காரர்கள் இப்படித்தான் பயந்து சாவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (கடவுளே.) எக்ஸெலில் ஏழு பத்தி போட்டு அவளுக்கு விளக்கினேன். ஆரம்ப விலை ஒரு ரூபாய் என்று வைத்தால் பட்டியல் கட்டணம் மிகமிகக் குறைவு. விலை தானாக ஏறும்.

“ஏறலைன்னா? ஒரு ரூவாய்க்குக் கொடுக்கணுமா?”

“அதுக்குத்தான் அடிவிலை. ஆனா அதுக்குக் காசு கேக்கான். அந்த வேலையைப் பெரியப்பா சும்மாவே செஞ்சுதருவாங்க.”

இதுதான் என் கண்டுபிடிப்பு. அதே நகரில், கார்டன் ரீச்சில் அப்பாவின் அண்ணன், பெஹாலாவில் அப்பாவின் தங்கை கணவர். பெரியப்பா ஒருவர், மாமா ஒருவர். இருவருக்கும் எங்கள் வீட்டுக் கணினியிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தேன். விலை நூற்றைம்பதுக்குக் கீழே கிடந்தால் பத்து பத்தாக ஏற்றிவிட வேண்டும். நூற்றைம்பது தாண்டினால் தொடக்கூடாது. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லவில்லை. ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் இருப்பார், எஞ்சினியர்கள் எதற்கும் ஒரு மாற்று வைத்திருப்போம்.

விற்பவரின் குடும்பத்தார் ஏலம் கேட்கக்கூடாது என்று நான்காம் தாளில் ஒரு வரி இருந்தது. படித்தேன். குடும்பம் என்றால் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன். கார்டன் ரீச்சுக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமே.

பெரியப்பாவையும் மாமாவையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் கல்யாணத்தில் பெரியப்பா ஐயாயிரத்து ஒன்று மொய் எழுதினார். மாமா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஐயாயிரத்து நூற்றொன்று எழுதினார். பெரியப்பா திரும்பி வரிசையில் வந்து நின்று, விட்டுப்போனது என்று சொல்லி இன்னொரு முந்நூறு எழுதினார். ஏலம் என்பதை அவர்களுக்கு எந்த இணையதளமும் கற்றுத்தரவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். மொய் நோட்டை எழுதியதே நான்தான். ஆனாலும் என் ஏழு பத்திகளில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் கூடையை வைத்துப் படமெடுத்துப் போட்டேன். கட்டணத்துக்கு அண்ணனின் கிரெடிட் கார்டு. (எனக்கு அப்போது கார்டு தர எந்த வங்கியும் முன்வரவில்லை.) ஏலம் ஏழு நாள், ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு முடியும்.

முதல் மூன்று நாளில் பெரியப்பாவும் மாமாவும் முறைப்படி ஏற்றி நூற்றைம்பதுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வியாழக்கிழமை, மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது. புனேயில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். கடிதமும் எழுதியிருந்தார். ‘முடிச்சுகள் மிக நேர்த்தி. முந்நூற்றைம்பது வரை கேட்கிறேன். இது கைக்கு வந்து எனக்குப் பிடித்திருந்தால் மாதம் இருபது கூடை எடுத்துக்கொள்வேன். செய்து தர முடியுமா?’

மதினி அதை மூன்று தடவை படித்தாள். மாதம் இருபது. உடனே பச்சை ஒயர் எத்தனை கட்டு, மஞ்சள் எத்தனை கட்டு என்று காலண்டர் தாளில் எழுதினாள். பிறகு சொன்னாள், “பெரியப்பாக்கும் மாமாக்கும் போன் பண்ணி இனி போதும்னு சொல்லிரு சுபா.”

“தேவையே இல்லை மதினி. நூத்தம்பது தாண்டிருச்சுல்லா, அவங்க தொட மாட்டாங்க.”

நோட்டில் இருக்கும் பதினோராவது வரி அது. ‘இருவருக்கும் போன்.’ குறி போடாத வரி.

சனிக்கிழமை அத்தை, பெரியம்மாவிடம் போனில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். “எங்க வீட்டுக்காரர் மலருக்காகக் கம்ப்யூட்டர்ல கூடைக்கு வெல கேட்டிருக்காரு. யார் செய்வா இந்தக் காலத்துல?” “இவுகளுந்தான் கேட்டிருக்காக” என்று பெரியம்மா விட்டுக்கொடுக்காமல் சொல்லிவிட்டு, அதைப் பெரியப்பாவிடம் சொன்னாள். என் தம்பி வீட்டு மருமகள் கூடைக்கு அவன் யார் விலை கேட்க என்று பெரியப்பா ஞாயிறு காலை பத்தரைக்கே சைபர் கபேயில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்றரைக்கு நான் திரையைத் திறந்தபோது விலை எண்ணூற்றைம்பது.

“எவ்வளவு?” என்று மதினி அடுப்படியிலிருந்து கேட்டாள். நான் பெஹாலாவுக்குப் போன் போட்டேன். மாமா டயல்-அப்பில் இருந்தார், லைன் பிஸி. பெரியப்பாவிடம் மொபைல் கிடையாது. பெரியம்மாவுக்கு அடித்தேன்.

“அவுக கபேலல்லா இருக்காக. நீதான் வரச் சொன்னியாமே?”

“பெரியம்மா, ஓடிப்போய் நிறுத்தச் சொல்லுங்க!”

“ஓடவா? எனக்கு முட்டு வலிட்டி.”

மணி பதினொன்று ஐம்பதுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். மதினி வந்து என் பின்னால் நின்றாள், கையில் கரண்டியோடு. பிறகு விலை ஒரே தாவாகத் தாவி ஒன்பதாயிரத்து நூறில் நின்றது. நடந்தது இது. நாம் ஓர் உச்ச விலையைச் சொல்லிவிட்டால், தளமே நம் சார்பில் அதுவரை ஏற்றிக்கொண்டு போகும். மாமா ஒன்பதாயிரம் என்று போட்டிருந்தார். பெரியப்பா பத்தாயிரம். கபேயில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஏழெட்டுப் பேர், “தாதா, ஆர் ஏக்டு! அண்ணே, இன்னும் கொஞ்சம்!” என்று கத்தினார்களாம். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

புனே அம்மாளிடமிருந்து பன்னிரண்டு ஐந்துக்கு ஒரு வரி வந்தது. ‘இது எனக்கான இடம் இல்லை என்று தெரிகிறது. உங்கள் கூடைகளுக்கு நல்வாழ்த்துகள்.’

நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். அனுப்புவதற்குள் தளம் எங்கள் கணக்கை முடக்கிவிட்டது. ஏலம் கேட்ட இருவருக்கும், விற்றவருக்கும் கணக்குத் திறக்கப்பட்டது ஒரே கணினியில் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்கு நெட்வொர்க்கில் முதல் பாடம் போதும். நான் அதில் முதல் வகுப்பு. தளத்துக்கு வெளியே அவரைப் பிடிக்க எங்களிடம் முகவரியும் இல்லை, போன் நம்பரும் இல்லை.

மாலையில் பெரியப்பா வெற்றிவீரராக வந்து இறங்கினார்.

“எங்கட்டி என் கூடை? எடு.”

“பெரியப்பா, நூத்தம்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு சொன்னேன்லா?”

“நீ சொன்ன. மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா? அவன் நானூறுன்னா நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

பணத்தையும் எண்ணிக் கொண்டுவந்திருந்தார். மதினி வாங்க மறுத்தாள். கூடையை மட்டும் கொடுத்தாள், காகிதத்தில் சுற்றி. விற்பனை நடக்கவில்லை என்று வாங்கியவர் எழுதிக்கொடுத்தால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றேன்.

“கேட்டுட்டுக் காசு கொடுக்காதவன்னு நானே எழுதிக் கொடுக்கவா? மாப்பிள்ளை பெஹாலா பூரா சொல்லிச் சிரிப்பான்!”

மாதக் கடைசியில் அண்ணனின் கார்டுக்கு பில் வந்தது. பட்டியல் கட்டணம் முதல் நாளே போயிருந்தது; இது விற்ற விலையில் ஐந்து சதவீதம், நானூற்று ஐம்பத்தைந்து. சேவை வரி நாற்பத்தைந்து ரூபாய் ஐம்பது பைசா. கல்வி செஸ் தொண்ணூற்றொரு பைசா. ஆக மொத்தம் ஐநூற்று ஒன்றும் சில்லறையும். “மொய் வச்ச மாதிரி கரெக்டா வந்திருக்கு” என்றார் அப்பா. அண்ணன் சிரிக்கவில்லை. அவன் கத்தவும் இல்லை. “போதும், இதோட விட்ருங்க ரெண்டு பேரும்” என்று மட்டும் சொன்னான். அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல எங்களிடம் விற்ற கூடை ஒன்றுகூட இல்லை.

மதினி பில்லை வாங்கி, கணக்குப் படித்தவள் அல்லவா, வரி வரியாகச் சரிபார்த்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“பாத்தியா சுபா, படிப்புக்குன்னு தொண்ணூத்தோரு பைசா கட்டியாச்சு.”

அவள் சிரித்தாள். நான் என் அறைக்குப் போய்விட்டேன். சேர்க்கைக்கு அன்றைக்கு மறுநாள் கடைசி.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருந்த அண்ணன் சொன்னபடி அடுத்த வருஷம் பார்த்தான். அப்போது மதினிக்கு ஏழாம் மாதம். பிறகு குழந்தை, பிறகு பள்ளிக்கூடம். படிப்பு அப்படியே போயிற்று. கூடை பின்னுவதையும் நிறுத்திவிட்டாள். “கை வலிக்கு” என்பாள். நான் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கதை மட்டும் நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் இது இல்லாமல் பந்தி எழாது. நான் எதையாவது திட்டம் என்று வாயெடுத்தால், “அதுல நம்ம ஆளுக யாரும் உண்டா?” என்று யாராவது கேட்பார்கள். பெரியப்பா சொல்லும் கதையில் அவர் ஜெயிக்கிறார். மாமா சொல்லும் கதையில், மச்சானை ஒரு கூடைக்கு ஒன்பதாயிரத்து நூறு கொடுக்க வைத்தவர் அவர். அன்றைக்குக் கபேக்காரர் ஏலப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்ததை, பெரியப்பா லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறார்.

போன பொங்கலுக்கு அவர் வீட்டில் கூடியிருந்தபோது, மதினியின் மகள் நாற்காலியில் ஏறி நின்று அதை மேலிருந்து கீழே படித்தாள்.

“பெரிய தாத்தா, இது நீங்க. இது பெஹாலா தாத்தா. இந்த முந்நூத்தம்பது யாரு?”

“அதுவா? யாரோ ஒரு அம்மா. நம்மகூடப் போட்டி போட வந்துட்டு, தாக்குப்பிடிக்க முடியாம ஓடிருச்சு” என்றார் பெரியப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். இலை எடுத்துக்கொண்டிருந்த மதினி நிமிராமல் சொன்னாள்:

“அவங்க ஒருத்தங்கதான் கூடை வாங்க வந்தவங்க.”

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.