சுருளிவேலின் மேல்வரிசை

"பவித்ரா, பல்லு நிக்க மாட்டேங்குது!" என்று சமையலறைக்குள் வந்து கிசுகிசுத்தார் சுருளிவேல்.

கூடத்தில் ஆத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கால் மணி நேரத்தில் தட்டு மாற்ற வேண்டும். பெண்ணைப் பெற்றவர் தன் வாயால் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். அந்த வாயில்தான் சிக்கல்.

அவருக்கு மேல்வரிசை முழுவதும் கட்டுப்பல். அதை அண்ணத்தில் பிடித்து நிறுத்துவது எச்சில். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்தால் பிரிக்கப் படாதபாடு படுவோமே, அதே கதைதான். பிரஷர் மாத்திரை தொடங்கியதிலிருந்து எச்சில் வற்றிப்போனது. பல் ஆட ஆரம்பித்தது.

"அப்பப்ப ஒரு மடக்கு தண்ணி குடிங்கன்னு ரெண்டு வாரமாச் சொல்றேன்ல?" என்றாள் பவித்ரா. கல்யாணப் பெண், திண்டுக்கல்லில் மருந்துக்கடையில் வேலை.

"வந்தவுக முன்னாடி செம்பும் கையுமா நின்னா என்ன நெனப்பாக? மாப்பிள்ளையோட அப்பா வேற வந்ததுல இருந்து வாயே தொறக்கல. முறுக்கத் தொடல. சம்பந்தம் புடிக்கலயோ என்னமோ."

தெம்புக்காகக் கடுங்காப்பி குடித்தார். வாய் இன்னும் காய்ந்தது. மகன் வைத்திருந்த மவுத்வாஷை ஊற்றிக் கொப்பளித்தார். அதில் ஆல்கஹால், இருந்த ஈரத்தையும் அது துடைத்துக்கொண்டு போனது.

"எலுமிச்சங்கா ஊறுகாய நக்குங்க, எச்சி தன்னால ஊறும்," என்றாள் மனைவி பழனியம்மாள்.

ஊறியது உண்மை. ஆனால் வறண்டு வெடித்த நாக்கில் உப்பும் புளிப்பும் ஏறியதில் கண்ணீர் அதைவிட அதிகமாக ஊறியது.

கண் சிவக்கக் கூடத்துக்கு வந்தவரைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா சிவனம்மாள் உருகிவிட்டாள். "அழுகாதீக அண்ணே. ஆத்தூரு என்ன அமெரிக்காவுலயா இருக்கு? ரெண்டு பஸ்சு மாறுனா வந்துரலாம்."

அவள் கணவர் வீரன் உதட்டை இறுக்கியபடி மின்விசிறியைப் பார்த்தார்.

பவித்ரா டம்ளரோடு வந்தாள். "மாத்திரை போடுற நேரம்ப்பா," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "தண்ணிய வாயிலயே செத்த நேரம் வச்சிருந்து முழுங்குங்க. வாயால மூச்சு விடாதீங்க, மூக்கால விடுங்க."

அப்படியே செய்தார். என்ன ஆச்சரியம், பல் கச்சிதமாகப் போய் ஒட்டிக்கொண்டது! மகள் பேச்சை முன்பே கேட்டிருந்தால் ஊறுகாய் மிஞ்சியிருக்கும்.

தெம்பாக எழுந்து தாம்பூலத் தட்டை ஏந்தினார். எதிரே வீரன், அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வந்தாலும் எச்சில் வற்றும் என்பது சுருளிவேலுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சம்..."

மேல்வரிசை வெற்றிலைமேல் விழுந்து, வாழைப்பழத்தில் முட்டி நின்றது.



"கட்டுப்பல்லுய்யா," என்றார் சுருளிவேல். "இதுக்காக எம்புள்ளைய வேணாம்னு சொல்லிறாதீக."

வீரனின் தோள்கள் குலுங்கின. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிவனம்மாள் பெருமூச்சோடு கைப்பையைத் திறந்தாள்.

"இனிமே எதுக்குங்க பொத்துறீக? நல்லா வாயத் தொறந்தே சிரிங்க. கார்ல வரும்போதே கழண்டு விழுந்த உங்க பல்லு, காலையில இருந்து என் பையிலதான கெடக்கு!"