புலி வயிற்றிலிருந்து ஒரு கையெழுத்து

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. காட்டில் ஆஸ்பத்திரி ஏது என்று கேட்காதீர்கள். விலங்குகள் பேசும் என்று நம்புகிறவர்கள் அவை டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கும் என்பதையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியை ஒரு கமிட்டி நடத்தியது. பெயர், பெண் விலங்குகள் நலச் சீர்திருத்தக் கமிட்டி. தலைவர் புலியார். உறுப்பினர்கள் கொம்பன் யானை, ஆண்மயில், சேவல், கிடா. பெண்கள் நலக் கமிட்டியில் பெண் ஒருத்திகூட இல்லையே என்று யாரோ ஒருமுறை கேட்டுவிட்டார்கள். "அவங்களுக்கு வீட்டுல ஆயிரம் வேலை இருக்கும். எதுக்கு நாம வேற சிரமம் கொடுக்கணும்?" என்றார் புலியார். என்ன ஒரு கரிசனம்!

கமிட்டி சும்மா இருக்கவில்லை. முதல் ஆண்டு பிரசவ வார்டுக்கு ரோஸ் கலர் அடித்தார்கள். இரண்டாம் ஆண்டு அந்த ரோஸ் சுவரில் 'தாய்மையே தெய்வம்' என்று எழுதினார்கள். மூன்றாம் ஆண்டு புலியாரின் படத்தை மாட்டினார்கள். மாட்டியதில் 'தெய்வம்' மறைந்துபோனது. வார்டில் இருந்த ஒரே கட்டிலுக்கு மூன்று கால்தான். அதைப் பற்றி எந்த ஆண்டும் யாரும் பேசவில்லை. மரகதம் சிஸ்டர் என்ற மந்திதான் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பிரசவத்துக்கும் அந்தக் கட்டிலின் நாலாவது காலாக நின்றுகொண்டிருந்தாள்.

இதையெல்லாம்விடக் கமிட்டியின் பெரிய சாதனை படிவம் ஏழு. பெண் விலங்கு எந்த நோய்க்காக உள்ளே போனாலும் ஆண் காப்பாளர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்களுக்கு அது தேவையில்லை. நரிக்கு வயிறு உப்பினால் நேராக உள்ளே போகலாம். நரியின் பெண்டாட்டிக்கு வயிறு உப்பினால் அவள் முதலில் நரியைத் தேடிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு நாள் காலையில் செவந்தி என்ற புள்ளிமான் வந்து வரிசையில் நின்றாள். தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி. குட்டி வயிற்றில் குறுக்கே கிடந்தது. அறுத்து எடுத்தால்தான் தாயும் பிழைப்பாள், குட்டியும் பிழைக்கும். வரிசையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அது பார்த்ததுமே தெரிந்தது. ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த கிளார்க் கொக்குக்கு மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படிவம் ஏழு கொண்டாந்தியாம்மா?"

"இந்தாங்க சார்."

"புருஷன் கையெழுத்து எங்க?"

"அவரு இல்லீங்க."

"இல்லேன்னா? வெளியூரா?"

"சேர்மன் ஐயா வயித்துல இருக்காரு. போன வாரம் போனாரு."

கொக்கு பதறவில்லை. "எப்ப வருவாரு?" என்றுதான் கேட்டார்.

"வர மாட்டாருங்க."

"சரி, உங்க அப்பா?"

"அவரும் அங்கதான்."

"அண்ணன், தம்பி?"

"எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருமே ஐயாவுக்கு ரொம்ப நெருக்கம் சார்."

சொல்லும்போதே வலி வந்து செவந்தி ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். "கொஞ்சம் தள்ளி நின்னு முனகும்மா. நான் டோக்கன் நம்பர் கூப்பிடறது பின்னாடி கேக்கலங்கறாங்க" என்றார் கொக்கு.

சத்தம் கேட்டு மரகதம் சிஸ்டர் வெளியே ஓடி வந்தாள். செவந்தியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. ஆனால் பன்னிரண்டு வருட சர்வீஸில் அவள் ஒன்று கற்றிருந்தாள். கொக்கிடம் உயிரைப் பற்றிப் பேசினால் வேலைக்காகாது, விதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"சார், காப்பாளருக்கு வயசு எத்தனை இருக்கணும்னு விதியில இருக்கா?"

கொக்கு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆணா இருந்தா போதும்னு போட்டிருக்கு. வயசு போடல."

"அப்ப வயித்துல இருக்கற குட்டி ஆணா இருந்தா, அதுவே இவங்களுக்குக் காப்பாளர் ஆகலாமில்ல?"

கொக்கு யோசித்தார். பிறகு ஒப்புக்கொண்டார். தாயின் உயிர் தாயின் கையில் இல்லை, வயிற்றுக்குள் தலைகீழாகக்கூட இல்லாமல் குறுக்கே கிடக்கும் ஒரு குட்டியின் கையில் இருக்கிறது என்று ஒரு படித்த பறவை ஒப்புக்கொண்டது. எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் ஆத்திரம் வரும். போகட்டும், கதைக்கு வருவோம்.

டாக்டர் மரங்கொத்தி வந்தார். வயிற்றில் டொக் டொக் என்று தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம்.'

"எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்" என்றார்.

நல்ல சட்டம்தான். பெண் குட்டி என்று தெரிந்தால் பிறக்கும் முன்பே தீர்த்துக்கட்டுகிறவர்கள் அந்தக் காட்டிலும் இருந்தார்கள். பெண்களைக் காப்பாற்ற வந்த அந்தச் சட்டமும் பெண்களைப் பூட்டிவைக்க வந்த படிவம் ஏழும் அன்றைக்கு ஒரே வாசலில் மோதிக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டவள் செவந்தி.

அந்த நேரம் பார்த்துப் புலியார் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். அவரைப் பார்த்ததும் கொக்குக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு யோசனை தோன்றியது.

"ஐயா, இந்தம்மாவோட புருஷன் உங்க உள்ளதான் இருக்காரு. அவருக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போட்டா செல்லும்."

"அதுக்கென்ன, தாராளமா!" என்றார் புலியார். செவந்தியை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாப் பெண்களுக்கும் நான்தானேப்பா காப்பாளன்" என்று சொல்லி நகத்தால் ஒரு கீறு கீறினார். கிடா கை தட்டியது. ஆண்மயில் போட்டோ எடுத்தது.

மரகதம் படிவத்தை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'சிகிச்சை முடிந்ததும் நோயாளி காப்பாளரிடம் ஒப்படைக்கப்படுவார்.' படிவத்தைச் செவந்தியிடம் நீட்டினாள்.

"வரிசையில நிக்கும்போதே படிச்சுட்டேன் சிஸ்டர்" என்றாள் செவந்தி. "இப்ப உள்ள போகலேன்னா ரெண்டு உசுரும் போகும். முதல்ல குட்டி வெளிய வரட்டும்."

குட்டி வெளியே வந்தது. மரங்கொத்தி வேலையில் கெட்டிக்காரர், அதை மறைக்கக் கூடாது. மரகதம் கட்டிலின் நாலாவது காலாக நின்றுகொண்டே குட்டியை வாங்கித் துடைத்தாள். பெண் குட்டி. வெளியே வராந்தாவில் புலியார் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மரகதம் குட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொக்கிடம் போனாள்.

"குட்டி ஆண். எழுதிக்குங்க சார்."

டாக்டர் மரங்கொத்தி கதவோரம் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். கொக்கு அவரைக் கேட்டார். "ஆணா டாக்டர்?"

"சொல்லக் கூடாதுன்னு பலகை இருக்கே" என்று டாக்டர் மறுபடியும் கை கழுவினார். அவரால் முடிந்த தைரியம் அவ்வளவுதான்.

கொக்கு நிமிர்ந்து குட்டியைப் பார்க்கவில்லை. இருபது வருடமாக அவர் எந்த நோயாளியையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தக் கெட்ட பழக்கம் அன்றைக்கு இரண்டு உயிரைக் காப்பாற்றியது. 'ஆண். பெயர்: வீரபாகு. தாய்க்குக் காப்பாளர்' என்று எழுதி, குட்டியின் ஈரக் குளம்பை மையில் தோய்த்து வைத்து முத்திரை குத்திவிட்டார்.

"ஐயா, சொந்த மகன் பொறந்துட்டாரு. உங்க பொறுப்பு முடிஞ்சுது" என்று பணிவாகச் சொன்னார்.

புலியார் துண்டை அவிழ்க்கவில்லை. "அந்தப் பதிவை அடி. பொண்ணுன்னு மாத்து."

"முடியாதுங்க ஐயா. பெண்ணோட பதிவை யாரு வேணும்னாலும் திருத்தலாம். ஆணோட பதிவை அந்த ஆணே கேட்டாத்தான் திருத்தலாம். போன வருஷம் நீங்க போட்ட விதிதான். ஆம்பளைங்க கௌரவம் முக்கியம்னு மேசையத் தட்டிச் சொன்னீங்க."

புலியார் ஒரு மணி நேர வயதுள்ள வீரபாகுவைக் கேட்டார். வீரபாகு கொட்டாவி விட்டது. செவந்தி, தன் காப்பாளரை வாயில் கவ்விக்கொண்டு, தையல் இழுக்க இழுக்கப் பின்வாசல் வழியாக நடந்துபோனாள்.

காலம் ஓடியது. வீரபாகு வளர்ந்தாள். கொம்பு முளைக்கவில்லை. பதிவேட்டில் ஆண் என்று இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பருவம் வந்தது, ஒரு கலைமானோடு சேர்ந்தாள், வயிற்றில் உண்டானது. ஒரு நாள் வலி வந்ததும் செவந்தி அவளைக் கூட்டிக்கொண்டு அதே ஜன்னலுக்கு வந்தாள். தான் பட்டது மகளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

கொக்கு பதிவேட்டைப் பார்த்தார். "வீரபாகு. ஆண். என்ன தொந்தரவு?"

"பிரசவ வலி" என்றாள் வீரபாகு.

இருபத்தைந்து வருட சர்வீஸில் முதல் தடவையாகக் கொக்கு நிமிர்ந்து பார்த்தார். பிறகு மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரத்தில் கமிட்டி கூடிவிட்டது. பெண்களுக்காக மூன்று வருடமாக ஆள் சேராத கமிட்டி அது.

"ஒரு ஆம்பளைக்குப் பிரசவ வலியாம்!" என்று சேவல் அலறியது. யானை நாற்காலியிலிருந்து எழுந்து தன் வயிற்றைத் தடவிப் பார்த்தது. "எப்படிய்யா ஆச்சு?" என்று கிடா கேட்டது. "வழக்கம்போலத்தான்னு சொல்றாரு" என்றார் கொக்கு. எல்லாரும் நடுங்கிப்போனார்கள்.

"ரொம்ப வலிக்குமா?" என்று புலியார் மெல்லக் கேட்டார்.

"எலும்பு உடையற மாதிரி இருக்கும் ஐயா" என்றாள் மரகதம்.

"இத்தனை வருஷத்துல இதை யாரும் எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

மரகதம் எழுதிய நாற்பது மனுக்கள் புலியாரின் நாற்காலி ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில்தான் செருகியிருந்தன.

அன்றைக்கு ஒரே அமர்வில் தீர்மானங்கள் நிறைவேறின. பிரசவிக்கும் ஆணுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். வரிசை வேண்டாம். நாலு காலும் உள்ள கட்டில், வெந்நீர், வலிக்கு மருந்து, தலைமாட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கை. கடைசியில் யானை, "பெத்தவருக்கு ஆறு மாசம் ஓய்வும் கொடுக்கணும். பாவம், அவர் என்ன மரமா?" என்று சொல்லிக் கண் கலங்கியது. சாயங்காலத்துக்குள் கட்டில் வந்தது. வீரபாகுவுக்குச் சுகப்பிரசவம் ஆனது. தலைமாட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற செவந்தி அழுதாள். சந்தோஷத்தில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி.

பெண்களுக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. படிவம் ஏழு, வரிசை, மூன்று கால் கட்டில் எல்லாம் அப்படியேதான் இருந்தன. புதிய வசதிகள் ஆண்களின் பிரசவத்துக்கு மட்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

மறுநாள் கொக்கு சாப்பிடப் போன நேரத்தில் மரகதம் சிஸ்டர் பதிவேட்டின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்தாள். பெண்ணின் பதிவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் அல்லவா? திருத்தினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, ஒருத்தியைக்கூட விடவில்லை. கடைசியில் செவந்தியின் பெயரையும் அடித்து 'செவத்தையன்' என்று எழுதினாள்.

அந்த ஆண்டு முடிவில் கமிட்டி அறிக்கை வெளியிட்டது. 'பிரசவத்தில் இறந்த பெண்கள்: இல்லை. சிகிச்சை கிடைக்காத பெண்கள்: இல்லை. காட்டில் உள்ள பெண்கள்: இல்லை.' இந்த மகத்தான சீர்திருத்தத்துக்காகப் புலியாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர், மகளிர் சார்பாக வந்திருந்த சேவல்.

நீதி: பெண்ணின் வலியைக் குறைக்க மருந்து கண்டுபிடிப்பது கடினம், அந்த வலி ஆணுடையது என்று எழுதிவிட்டால் மருந்து தானாக வரும். பேனா கையில் கிடைக்காதவர்கள் படிவம் ஏழின் பின்பக்கத்தையும் படித்துவிட்டு வரிசையில் நிற்கவும்.